இருபத்தோராவது பெயர்

எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய சர்வரை அன்று மாலை நான்கு மணிக்கு அணைப்பதாக முடிவு. அணைக்கப்போவது அத்தான், அக்காவின் கணவர், ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். அணைக்கலாம் என்று தலையாட்ட வேண்டியது நான். அதில் ஓடிக்கொண்டிருந்த சேவைகளை ஒவ்வொன்றாகப் புது சர்வருக்கு மாற்றியிருந்தேன். ஒன்று விட்டுப்போனாலும் என் தலைதான் உருளும்.

சேவை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எக்ஸ்ரே படத்தைத் தேடிக் கொடுக்க ஒரு புரோகிராம், மருந்து இருக்கிறதா என்று சொல்ல இன்னொன்று. ஒவ்வொன்றும் எழுந்ததும் முதல் வேலையாக நேம் சர்வரிடம் போய், ‘என் பெயர் இது, இங்கே இருக்கிறேன்’ என்று பதிந்துகொள்ளும். தேவைப்படுகிறவர்கள் அதனிடம் பெயரைச் சொல்லி இடத்தைக் கேட்டுக்கொள்ளலாம். வாசலில் இருக்கும் விசாரணை மேஜையேதான். என்ன, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆசாமி மாதிரி இது எரிந்து விழாது.

பதிந்திருக்கும் பெயர்களையெல்லாம் கேட்டு வாங்க, சி மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். இருபது பெயர்கள் வந்தன. இருபதையும் மாற்றியாயிற்று.

அத்தான் ஸ்விட்சில் கை வைத்தபடி கேட்டார். “மொத்தம் எத்தனம்மா?”

“இருபது.”

“சரியா இருபதா? ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு குறைய இல்ல? நான் ஒயர் அளந்து வெட்டினாக்கூட இப்படி கச்சிதமா வராதே!”

கிண்டல்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

“அத்தான், கைய எடுங்க.”

“ஏன், என்னாச்சு?”

“எடுங்கன்னு சொல்றேன்ல!”

என் புரோகிராம் நேம் சர்வரிடம் கேட்டதே ‘இருபது பெயர் வரை கொடு’ என்றுதான். அது இருபதைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் தனியாக வைத்திருக்கும். மறுபடி கேட்டால்தான் தரும். அப்படிக் கேட்க வேண்டிய வரிகளை ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்று விட்டவள் நான். அந்த அப்புறம் மூன்று வருடமாக வரவில்லை. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

விடுபட்ட வரிகளை எழுதி ஓட்டினேன். இன்னும் ஒரே ஒரு பெயர் வந்தது. பிறந்த குழந்தைகள் வார்டு, மூச்சு.

அக்கா நர்ஸாக இருக்கும் வார்டு. எனக்கு முன்னால் இருந்தவர் எந்தக் காகிதத்திலும் இதைக் குறித்துவைக்கவில்லை. இருக்கும் இடத்தை நேம் சர்வரிடம் கேட்டு, அந்தச் சேவையைக் கூப்பிட்டேன். ஏழு எண்கள் வந்தன. 44, 39, 52, 41, 47, 36, 50. மறுபடி கூப்பிட்டேன். 45, 39, 50, 42... நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கணக்கு. ஏழு குழந்தைகள் என் திரையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டதற்கு இவ்வளவு உயிரா!

வார்டின் சுவரில் இருக்கும் போர்டு இந்தச் சேவையைத்தான் நம்பியிருந்தது. போர்டின் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பதில் வராவிட்டால், கடைசியாக வந்த எண்களையே காட்டிக்கொண்டிரு என்று எழுதியிருந்தது. இதை அணைத்திருந்தால், ஒரு குழந்தை மூச்சை நிறுத்தினாலும் எண் மாறியிருக்காது, போர்டின் அலாரமும் அடித்திருக்காது.

“என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?” என்றார் அத்தான்.

“பேசாதீங்க அத்தான், ப்ளீஸ்.”

சேவையைப் புது சர்வருக்கு எடுத்துப் போய் ஓடவிட்டேன். அது அதே பெயரில் புது இடத்தைப் பதிந்துகொண்டது. பழையதை நிறுத்தினேன். போர்டு நேம் சர்வரிடம் மறுபடி கேட்டது, புது இடத்துக்குப் போனது. எல்லாம் சேர்ந்து இரண்டே விநாடி. ஏழு குழந்தைகளின் மூச்சு ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோனது, ஒருவருக்கும் தெரியாமல். இத்தனை வருடம் இதே வேலையில் குப்பை கொட்டியும் இதைப் பார்த்து நான் வாயைப் பிளந்ததில்லை. அன்று பிளந்தேன்.

தலையாட்டினேன். அத்தான் அணைத்தார். நான் மாடிப்படிகளில் ஓடினேன்.

வார்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்று போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நான்காவது எண் 0 ஆனது. அலாரம் அலறியது. வராந்தாவில் இருந்த அக்கா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய், நான்காவது குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. போர்டில் 18, பிறகு 33.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? குறைமாசக் குழந்தைங்க மூச்சு விட மறந்துடும். தினமும் நடக்கிறதுதான். அது கத்தும், நான் தட்டுவேன், அவ்வளவுதான்.”

“அது கத்தலைன்னா?”

“கத்தாம எப்படிடி இருக்கும்?” என்று சிரித்தாள்.

நான்காவது எண் 41க்கு வரும் வரை அங்கேயே நின்றேன்.