வைரத்தின் மேல் வளர்ந்த படலம்

பிப்ரவரி பதினெட்டாம் தேதி, ஆய்வுக்கூடத்தின் அளவீட்டு அறையில், செம்பும் வைரத்தூளும் சேர்த்து வார்த்த ஒரு வில்லை, வெறும் செம்பைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தியது.

அளந்தவள் அக்கா. வார்த்தவன் தம்பி. அவன் மருத்துவமனையில் கிடந்தான். நுரையீரல் பாதிக்கு மேல் கைவிட்டிருந்தது. கணினிச் சில்லுகளின் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளும் தகடு ஒன்றுக்காகப் பல வருஷமாக உலையோடு மல்லுக்கட்டியவன். வெப்பம் கடத்தும் அளவில் வெறும் செம்பு நானூற்றைத் தொடும்; வில்லை அறுநூற்றைத் தாண்டினால்தான் தேறும். தாண்டிவிட்டது என்று காதால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு மிச்சமிருந்த ஆசை.

மாலையில் அவள் வந்து உட்காருவதற்குள் கேட்டுவிட்டான்.

"எவ்வளவு வந்துச்சு?"

"அறுநூத்திப் பத்து."

"யோசிக்காம சொல்ற, காய்கறி விலை மாதிரி." சிரிக்கப் போய் இருமினான். "உனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. சின்ன வயசுல அம்மாகிட்ட உளறி என்னையும் சேர்த்து மாட்டிவிட்டவதானே நீ?"

அவள் மென்று விழுங்கினாள். "முந்நூத்தி நாப்பது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். செம்பு வைரத்தோடு ஒட்டாது. செம்பில் துளி குரோமியம் கலந்தால், உலைச்சூட்டில் வைரத்தின் மேல் ஒரு படலம் உண்டாகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். மெலிதாக இருக்கும்வரை வெப்பம் அதைத் தாண்டிப் போகும். உலையில் அதிக நேரம் கிடந்தால் படலம் தடித்து, அதுவே குறுக்கே நிற்கும்.

"தடிச்சிருக்கா?"

"மூணு மடங்கு. நுண்ணோக்கியில பார்த்தேன்."

"அன்னிக்கு மூச்சு வாங்குதுன்னு வராந்தாவுல உக்காந்தேன். அப்படியே கண்ணு சொருகிடுச்சு. முழிச்சதும் ஓடிப்போய் உலையை அணைச்சேன். உன்கிட்ட சொன்னா வேலைக்கே விடமாட்டே."

திட்ட வாயெடுத்தவள், போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள்.

"அதே கலவை, அதே சூடு," என்றான். "நேரத்தை மட்டும் தாண்ட விடாதே. பக்கத்துலயே நில்லு. டீ குடிக்கப் போயிடாதே."

"உத்தரவு, முதலாளி."

மறுநாள் அவளே வார்த்தாள். உலையை விட்டு நகரவில்லை. வில்லையை அறுத்து மெருகேற்றச் சில நாளாயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி இறந்தான். காரியங்கள் முடிந்து, அடுத்த வாரம் அவள் அளந்தாள். அறுநூற்று நாற்பத்தொன்று.