ஒரு பாகம் கனடா நூல்

நாலந்தா குளத்துத் தண்ணீர் அப்படித் தெளிந்து கிடந்தது ஸக்கரியாவுக்குப் பிடிக்கவில்லை. கலங்கல் தண்ணீர் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று மனிதனுக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. அது நியாயம். அடிமண் தெரிகிற தண்ணீரில் மீனுக்குத்தான் லாபம்.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, முங்கிச் செத்த மரம் ஒன்று நின்றது. அதன் வேருக்குள்ளிருந்து அந்த விரால் இப்போதும் வெளியே வந்தது. கறுத்த முதுகு, தொடைப் பருமன். தூண்டிலில் கோர்த்திருந்த சின்னத் தண்டியா மீனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மீனைப் பார்த்தது. பிறகு மீனை விட்டுவிட்டு, மேலே போகிற நூலைப் பார்த்தது. கடைக்காரன் நோட்டை வெயிலில் பிடித்துப் பார்ப்பானே, அப்படி. பார்த்துவிட்டு வாலைத் திருப்பிக்கொண்டு வேருக்குள்ளேயே போய்விட்டது.

“போ. நீயும் என்ன நம்பாத,” என்றார் ஸக்கரியா.

நோன்பு தொடங்கிய நாளிலிருந்து இதே கூத்துதான். விளையாட்டுக்கு வருகிறவர் இல்லை அவர். மகள் மர்வா பிள்ளை பெற்று வீட்டில் கிடக்கிறாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அழுகிற அழுகையில் கூரைத் தகரம் அதிரும். தாய்க்குத்தான் உடம்பில் இரத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையைப் போட்டாலும் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இது வேண்டும், அது வேண்டாம் என்று வாய் ஓயாமல் அதிகாரம் பண்ணிய பெண், இப்போது கேட்டதற்குத் தலையை ஆட்டுவதோடு சரி. ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“வாப்பா புடிச்சிட்டு வார விரால்ல ஆணம் வச்சா குடிப்பேன்.”

மாத்தளைச் சந்தையில் ஐஸ் போட்ட கடல்மீன் இருந்தது, திலாப்பியா குவிந்து கிடந்தது. விரால் என்று ஒருவன் காட்டியதற்குக் கண் உள்ளே போயிருந்தது. ஸக்கரியா அவனுடைய முகத்தைப் பார்த்தார், மீனின் கண்ணைப் பார்த்தார், வந்துவிட்டார்.

“நானா, இண்டைக்கும் சும்மாதானோ?”

ஸக்கரியாவை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிற உருத்திரமூர்த்தி வந்துகொண்டிருந்தார். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்து, பென்சன் எடுத்த பிறகும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டவர். கையில் வட்டமான ஒரு சின்னப் பெட்டி.

“சும்மா இல்ல ஐயா. அவன் என்ன பாக்குறான், நான் அவன பாக்குறேன்.”

“உங்கட தங்கூசியைத்தான் பாக்கிறான். இஞ்ச பாருங்கோ, வெயிலுக்கு எப்பிடி மினுங்குது.”

தங்கூசி என்று ஊரே சொல்கிற நைலோன் நூல்தான். ஸக்கரியாவுக்கு அதில் குறை சொன்னால் தன் குடும்பத்தைச் சொன்ன மாதிரி. “இது இழுத்தா இழுபடும், ஆனா விடாது. எத்தன மீனு தூக்கியிருக்கு தெரியுமா?”

“ஆர் இல்லையெண்டது? இது மகன் ரஜீவன் கனடாவில இருந்து அனுப்பினது. புளோரோகாபன் எண்டு பேர். அங்க பாஸ் எண்டொரு மீன் இருக்காம், எங்கட விராலுக்கு மச்சான் முறை மாதிரி. அதுவும் இதே குணம், நூலைக் கண்டால் கிட்ட வராதாம். தெளிஞ்ச தண்ணிக்கு இதைத்தான் போடுவினமாம்.”

ஸக்கரியா பெட்டியைத் திறந்து நூலை இழுத்தார். முரட்டு நூல். விட்டால் சுருண்டுகொண்டது. முகர்ந்தார். நகத்தால் கீறினார். “இதுவும் தங்கூசிதான். வேற பேர் வச்சு ஒங்க மகன ஏமாத்திப்புட்டாங்க.”

“தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்கோவன்.”

பொய்யை நிரூபிக்கத்தான் குந்தினார். ஒரு கையில் தங்கூசி, மறு கையில் கனடா நூல், இரண்டையும் தண்ணீருக்குள் இறக்கினார். தங்கூசி தெரிந்தது, வெள்ளிக் கோடாக, அடி வரைக்கும். மற்றது தண்ணீரைத் தொட்ட இடத்தில் முடிந்துபோனது. அறுந்துவிட்டது என்றே நினைத்தார். இழுத்தார். வந்தது. திரும்ப விட்டார். இல்லை. விரலை உள்ளே விட்டுத் தடவினார். விரலுக்கு இருக்கிறது, கண்ணுக்கு இல்லை.

வெகுநேரம் அவர் எழும்பவில்லை.

“என்ன நானா?”

“கண்ணு மங்கிப்போச்சு போல,” என்றார். கண் மங்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

முழு நூலையும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. தங்கூசியின் நுனியில் கனடா நூல் ஒரே ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல் நம்பிக்கை இல்லை. நுனியில் தூண்டில் முள்ளைக் கட்டி இறுக்கினார். நூல் முறுக்கென்று கத்தியது.

விரால் வந்தது. நிற்கவில்லை, பார்க்கவில்லை. வாயைத் திறந்து, தண்டியாவை இழுத்துக்கொண்டு திரும்பியது. ஸக்கரியா கம்பைத் தூக்கினார். கை மூட்டு வரைக்கும் அந்தப் பாரம் வந்தது. அடுத்த நொடி ஒன்றுமில்லை. கம்பு நிமிர்ந்துவிட்டது.

“கொண்டுபோங்க ஐயா ஒங்க கனடாக் குப்பய! புள்ளைக்கிண்டு வந்த மீனு! என் தங்கூசி என்னைக்காவது இப்புடி செஞ்சிருக்கா?”

உருத்திரமூர்த்தி நுனியை வாங்கிப் பார்த்தார். பாகற்கொடியின் நுனி போல் சுருண்டிருந்தது. “நூல் அறேல்லை நானா. முடிச்சுத்தான் விட்டிருக்கு. இறுக்க முதல் நனைச்சனீங்களோ?”

“என்னத்துக்கு நனைக்கிற?”

“காய்ஞ்சபடி இறுக்கினால் உரசிச் சூடேறும். தங்கூசி தாங்கும், இது தாங்காது. எல்லாரும் வாயில வச்சு ஈரமாக்கித்தானே இறுக்கிறது. நீங்களும் அப்பிடித்தானே செய்யிறனீங்கள், நான் எத்தினை தரம் கண்டனான்.”

ஸக்கரியா யோசித்தார். உண்மைதான். முடிச்சை நாக்கில் வைப்பது கண் இமைப்பது போல, அவர் அறியாமலே நடக்கிற காரியம். நோன்பு வந்ததும் அதை விட்டுவிட்டார். குளத்துத் தண்ணீர் பட்ட நூல். ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கினால்?

“நோம்புக்காரன் வாயில நூலப் போடுவானா?” என்றார் கோபமாக.

“போட வேண்டாம். உங்களுக்கு முன்னால ஒரு குளமே கிடக்கு நானா. அதுக்கு நோன்பில்லை.”

சிரிக்கக் கூடாது என்றுதான் ஸக்கரியா பல்லைக் கடித்தார். முடியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு நிலைக்கவில்லை, நோன்பு திறந்த பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. மர்வா தன் கோப்பையைத் தொடவே இல்லை. பிள்ளை தாயின் மார்பில் வாய் வைத்து, ஒன்றும் வராமல் கத்தியது. மனைவி மஸீனா புட்டிப்பால் கரைக்கப் போனாள். மீன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

விடிந்ததும் குளத்தங்கரைக்கு வந்து, இரண்டு நூலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று விடாது, ஆனால் மீனுக்குத் தெரியும். மற்றது மீனுக்குத் தெரியாது, ஆனால் அவர் கையை விட்டது. எதைப் போடுவது? தெரிந்ததை நம்புவதுதான் அவர் வழக்கம். தெரிந்தது இந்த நோன்பில் இதுவரை ஒரு மீனும் தரவில்லை.

கனடா நூலை எடுத்தார். வேறொரு முள்ளை முடிச்சுப் போட்டு, கையோடு குளத்துக்குள் முக்கி, தண்ணீருக்கு அடியிலேயே மெல்ல மெல்ல இறுக்கினார். இந்தத் தடவை நூல் கத்தவில்லை. இரண்டு நூலும் சேர்கிற முடிச்சையும் அப்படியே அவிழ்த்துக் கட்டினார்.

தூண்டிலை விட்டுவிட்டுப் பார்த்தார். தங்கூசி பாதி வழியில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே ஒரு பாகம் வெறும் தண்ணீர். அதற்கும் கீழே, எதிலும் கட்டப்படாதது போல, சின்னத் தண்டியா தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சுண்டுவிரலை அசைத்தார். அவ்வளவு தூரத்தில் மீன் அசைந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

வெயில் மரத்தின் வேரைத் தொட்டபோது விரால் வந்தது. நேற்றைய விரால்தான், உதட்டோரம் அவருடைய முள் ஒரு புள்ளியாக மினுங்கியது. பயந்துதான் வந்தது. சுற்றியது. நூல் இருக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே நீந்தியது. அதன் கன்னம் நூலில் உரசியதை ஸக்கரியா கம்பில் உணர்ந்தார், இதயத் துடிப்பு மாதிரி ஒரு தட்டு. தொட்டுவிட்டும் அதற்குத் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்ததை அது பார்க்கவேயில்லை.

“சுப்ஹானல்லாஹ்,” என்றது அவர் வாய். மீனுக்குச் சொன்னாரா, நூலுக்குச் சொன்னாரா, தண்ணீருக்குச் சொன்னாரா, அவருக்கே விளங்கவில்லை. எழுபது வயதுக்கு இந்தக் குளத்தில் அவர் பார்க்காதது ஒன்றும் இல்லை என்று இருந்தவர்.

விரால் வாயைத் திறந்தது.

வேருக்குள் இழுத்தது. நூல் வேரில் உரசுவது கம்பு வழியாக முழங்கைக்கு வந்தது. அவர் இழுக்கவில்லை, விடவும் இல்லை. கடைசியில் கரைச் சேற்றில் கிடத்தியபோது, அதன் வாயிலிருந்து கனடா நூல் காற்றில் வெள்ளையாகப் பளபளத்தது, இத்தனை நேரம் எங்கேயும் போகாதது போல.

பகலிலேயே மஸீனா மிளகும் தேங்காய்ப்பாலும் போட்டு ஆணம் காய்ச்சினாள். உப்புப் பார்க்க வீட்டில் ஆளில்லை, எல்லாரும் நோன்பு, பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தான் விலக்கு. மர்வாவை எழுப்பி உட்கார வைத்தார்கள். ஸக்கரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மர்வா ஒரு கரண்டி குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“என்ன உம்மா இது? உப்பே இல்ல! இப்புடியா ஆணம் காச்சுற? தலப் பகுதிய யாருக்கு எடுத்து வச்சீங்க?”

மஸீனா உப்புப் பேணியை எடுக்க ஓடினாள். மகள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, உப்பு வரும் வரைக்கும் பொறுக்காமல், குடித்துக்கொண்டே திட்டினாள்.

ஸக்கரியா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார், காலையில் தண்ணீருக்குள் பார்த்த மாதிரியே.