மஞ்சள் லேபிள்

எழுந்ததும் பல் துலக்கினேன். பாலைக் காய்ச்சினேன். குளியலறை ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு, விளக்கு எரிகிறதா என்று நின்று பார்த்தேன். எரிந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் என் மனைவி ஒட்டிய மஞ்சள் தாள் இன்னும் இருக்கிறது. 'சோதனையில்' என்று எழுதியிருக்கும். எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிட்டுப் போன அன்று ஒட்டியது. அவர் பேச்சை நம்பிக் கிழித்துப்போட அவளுக்கு மனம் வரவில்லை. அவள் இறந்த பிறகு நானும் கிழிக்கவில்லை. குளித்தேன். டீ குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆபீஸுக்குப் போனேன்.

ஆபீஸ் அவளுடைய அண்ணனுடையது. குளிர்பதனக் கிடங்குகளில் சூடு ஏறினால் போன் போட்டு எச்சரிக்கும் மென்பொருள் செய்கிறோம். நான் நிரல் எழுதுகிறேன். அவள் கையேடு எழுதினாள். அதில் ஒவ்வொரு வசதிக்கும் பக்கத்தில் ஒரு லேபிள் இருக்கும். பச்சை என்றால் நிலையானது, நம்பி விட்டுவிடலாம். மஞ்சள் என்றால் சோதனையில், கூடவே ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

லேபிள் அவள் பொறுப்பு. நாங்கள் சோதித்து முடித்தாலும் அவளுக்குப் போதாது. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒயரைப் பிடுங்குவாள். மறுபடி செருகுவாள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பார்ப்பாள். இப்படிப் பல நாள் பிடுங்கிய பிறகுதான் பச்சை. தன் கல்யாணத்தை இவளிடம் விட்டிருந்தால் அது இன்னும் மஞ்சளிலேயே நின்றிருக்கும் என்பார் மைத்துனர். "அண்ணிகிட்ட கேட்டுப் பாருங்க. இப்பவும் மஞ்சள்தான்" என்பாள் அவள்.

அன்று காலை மருந்துக் கிடங்கு நடத்தும் அம்மாள் போன் செய்தார். இன்சுலினும் குழந்தைகளுக்கான தடுப்பூசியும் வைத்திருப்பவர். மின்சாரம் போய் வந்தால் எச்சரிக்கை தானாக மறுபடி தொடங்கும் வசதி எங்களிடம் உண்டு. அதற்கு வெகுநாளாக மஞ்சள். அதனால் ராத்திரியில் தெர்மாமீட்டரைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் வைத்திருந்தார்.

"தம்பி, இப்ப பச்சைன்னு போட்டிருக்கு. ஆளை நிறுத்திடலாம்னு இருக்கேன். உங்க வீட்டம்மா போட்டதுதானே?"

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "அப்ப லேபிள் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பக்கத்தைத் திறந்தேன். பச்சைதான். அடியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். அதன் பக்கத்துத் தேதி, அவள் இல்லாமல் போனதற்கு அடுத்த மாதம்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மைத்துனர் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய மருத்துவமனை ஒன்று எங்கள் மென்பொருளைக் கேட்டிருந்தது. மஞ்சள் இருந்தால் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது ஆபீஸுக்கே தெரியும். அவள் இறந்த வாரமே மைத்துனர் அவளுடைய லேப்டாப்பை வாங்கிப் போனார். போட்டோக்களை எடுத்துவைக்கிறேன் என்றார். போட்டோ எதுவும் வரவில்லை. சாப்பிட்டீர்களா என்று தினமும் கேட்பார். சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்வார். அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன்.

சோதனைக் கருவியை மேஜையில் வைத்து ஒயரைப் பிடுங்கினேன். செருகினேன். ஒழுங்காக எழுந்தது. மறுபடியும் பிடுங்கினேன். அப்போதும் எழுந்தது. அநியாயமாகச் சந்தேகப்படுகிறேனோ என்று தோன்றியது. பிறகு, அது செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பிடுங்கினேன். செருகியதும் விளக்கு எரிந்தது. திரையில் எண் தெரிந்தது. சென்சாரை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினேன். எண் ஏறிக்கொண்டே போனது. எச்சரிக்கை போன் வரவில்லை.

கிடங்கு அம்மாளைக் கூப்பிட்டு, ஆளை நிறுத்த வேண்டாம் என்றேன். அப்படியானால் பச்சை போட்டது யார் என்று கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். லேபிளை மஞ்சளாக்கினேன். அடியிலிருந்து அவள் பெயரை எடுத்தேன்.

மதியத்துக்குள் மைத்துனர் என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"நீங்க யாரைக் கேட்டு மாத்துனீங்க மச்சான்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவளைக் கேட்டுத்தான். கடைசி நாள் மத்தியானம் போன் பண்ணினேன். பச்சை போடலாமான்னு கேட்டேன். சரின்னா. அதான் அவ பேர்லயே போட்டேன்."

கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிறவர் முகமாக இல்லை. தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டாரோ என்னவோ.

போன் வந்தது உண்மைதான். ஆனால் அவளால் அன்று போனைப் பிடிக்க முடியவில்லை. பேசியது நான். "போட்டுடலாமான்னு கேளுங்க" என்றார் இவர். கேட்டேன். அவள் கண்ணை மூடியபடியே இருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள். சொன்னதை அப்படியே இவரிடம் சொன்னேன். "சரி, சரி" என்று இவர்தான் வைத்தார். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"போனைப் பிடிச்சிருந்தது நான் மச்சான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் பிடுங்கிக் கிடந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை இன்னொரு முறை அவரிடம் சொன்னேன்.

"அவசரப்பட வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லு. நான் வந்து ஒயரைப் பிடுங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."