சீறல் இல்லாத பாட்டு

ஜுசாரா பெட்டியில் கிடந்த தம்பியின் சட்டைக் காலரை மேலே இழுத்துக் கழுத்துத் துளையை மறைத்தாள். பொத்தான் எட்டவில்லை, கழுத்து வீங்கிப் போயிருந்தது. ஊக்கு ஒன்றைக் குத்தி நிறுத்தினாள். அசாயிப் பழக் கூழ் அரைத்து அரைத்து ஊதா ஏறிப்போன விரல்கள் அவளுக்கு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெள்ளைச் சட்டையில் பட்டுவிடப் போகிறதே என்று நக நுனியால்தான் தொட்டாள்.

"மழைக்கு முன்னாடி எடுத்துடணும்டி," என்றாள் காப்பி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஓஸ்மரினா. "மழை புடிச்சா கால்வாய் ஓரமா பெட்டியத் தூக்கிட்டு நடக்க முடியாது."

"பாட்டு தயாராகட்டும்."

"பாட்டுக்காகப் பொணம் காத்துக்கெடக்குமா?"

"இந்தப் பொணம் காத்துக்கெடக்கும்."

ஓஸ்மரினா காப்பியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழவில்லை. ஜுசாரா நிமிர்ந்தபோது கடையில் விலை கேட்பதைப்போல மெதுவாகக் கேட்டாள்: "அவன் பாடுவான்ல?"

"பாடுவாம்மா."

தம்பி வாண்டேர் ஒருநாளும் பாடினவன் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கு மெட்டுப் போட்டுக் கொடுப்பான், பாடுவதற்கு வேறு ஆள் வரும். தொண்டையில் கட்டி என்று சொல்லி, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று ஆனபோதுதான் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, மைக்கைப் பிடித்து, மூச்சு தீரும் வரை ஒரே ஒரு 'ஆ' இழுத்தான். அதைக் கம்ப்யூட்டரிலிருந்த சின்தசைசர் என்ற வாத்திய சாப்ட்வேருக்குள் போட்டு வைத்தான். கட்டையை அழுத்தினால் அவன் குரல் வரும். மேல் கட்டையில் பையன் குரலாக, கீழ்க் கட்டையில் செத்துப்போன அப்பா குரலாக. பேசின குரலும் மிச்சமில்லை. அது இருந்த போன் படகிலிருந்து குவாமா ஆற்றில் விழுந்துவிட்டது. பேச்சு போனபிறகு அந்த ஒரு 'ஆ'வை வைத்து அம்மாவுக்கென்று ஒரு பாட்டுச் செய்துகொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், வாண்டேரின் கம்ப்யூட்டர் முன்னால் நீல்டோ உட்கார்ந்திருந்தான். ஒலிபெருக்கி வண்டிக்காரன். பேட்டையில் யார் போனாலும் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வதும், பெட்டிக்கு முன்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதும் அவன்தான். வாண்டேரிடம் மெட்டுக் கட்டப் பழகினவன்.

"கேளுக்கா," என்றான்.

தம்பியின் குரல் எழுந்தது. ஜுசாரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் ஏறும்போதே குறுக்கே 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"இந்தச் சாப்ட்வேர் திருட்டுக் காப்பிக்கா. காசு கட்டலேன்னு இப்படித்தான் சீறும். புதுசு எங்கிட்ட இருக்கு. வீட்ல போட்டுப் பாத்தேன், சீறலே இல்ல, அவ்வளவு சுத்தமா வருது. போட்டுப் பாக்கவா?"

சாவு ஊர்வலத்தில் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு போவானேன் என்றிருந்தது அவளுக்கு. "போடு."

திரையில் ஒரு கேள்வி வந்தது. ஜுசாரா நாற்பது வயதுக்குமேல் ராப்பள்ளியில் எழுத்துப் படித்தவள். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டாள். விரல் வைத்து வாசித்தாள்: "கூடவே வந்த பழைய ஒலிகள் புதுப்பிக்கப்படும். சம்மதமா?"

"புதுப்பிச்சா நல்லதுதானே?"

"நல்லதுதான்க்கா." நீல்டோ அழுத்தினான்.

பாட்டு திறந்தது. தாளம் இருந்தது, கிதார் இருந்தது, சீறல் இல்லை. குரல் வரவேண்டிய இடத்தில் ஒரு புல்லாங்குழல் வந்தது.

நீல்டோ நிறுத்தினான். திரும்பப் போட்டான். புல்லாங்குழல்.

"வேற எதையோ எடுத்துட்டியாடா?"

"இல்லக்கா. பேரு சரியாத்தான் இருக்கு." அவன் குரல் இறங்கிப்போயிற்று. "திருட்டுக் காப்பியில புதுப் பேர்ல எதையும் சேமிக்க விடாது. அதனால சாப்ட்வேரோட கூட வர்ற சத்தத்து மேலயே நம்ம சத்தத்த எழுதி வெப்போம். எல்லாருமே அப்படித்தான். இவன் 'மரக்குழல்' மேல எழுதியிருக்கான். புதுசு வந்து அதோட குழலத் திருப்பி வெச்சுடுச்சு."

"பழையதையே திரும்பப் போடு."

போட்டான். சீறல் திரும்பி வந்தது. குழலும் அப்படியே இருந்தது.

"மைக்ல புடிச்சது வேற எங்கயாவது இருக்கும்ல?"

"நேரா இதுக்குள்ளதான் புடிச்சான். நான் பக்கத்துல இருந்தேன்." நீல்டோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என் வீட்ல போட்டப்ப எதுவும் போகலக்கா. எங்கிட்டப் போறதுக்கு என்ன இருந்துச்சு."

முன்னறையில் பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். பலகைத் தரை அவர்கள் நடையில் ஆடியது.

"அம்மாகிட்ட என்னக்கா சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. புதுசையே திரும்ப ஏத்து, அதையே எடுத்துட்டுப் போயி வண்டியில வை."

"அதுல குரல்..."

"சீறலாவது இல்லாம போவட்டும்டா."

கூரைகளுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டி நடக்கும் வேகத்தில் போயிற்று, பின்னால் பெட்டி. அம்மா யார் கையையும் பிடிக்காமல் வண்டியோடு ஒட்டி நடந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டாள். குழல் வாசித்தது. வாசலில் நின்ற ஒரு பெண், "என்ன இனிமையா இருக்கு," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது ஜுசாராவுக்குக் கேட்டது.

பாட்டு முடிந்தது. நீல்டோ கண்ணாடியில் ஜுசாராவைப் பார்த்தான். இன்னொரு தடவை என்று அவள் விரலால் சுழற்றிக் காட்டினாள்.

தாளம் தொடங்கியது. அம்மா கையை எடுத்தாள். வண்டியின் பின்பக்கமாகச் சுற்றிப் போய், மறுபக்கத்து ஒலிபெருக்கியில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டாள்.