தண்ணீர் திறந்துவிட்ட இருளாயி பிரசிடெண்ட் ஆனார்

குளத்தூர்ப் பக்கம் வேலங்குடிப்பட்டி என்றொரு ஊர். அங்கே ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டராக இருந்தவர் இருளாயி. விடிந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவார். பிறகு தெருத் தெருவாகச் சைக்கிளில் போய் வால்வைத் திறந்துவிடுவார். பதினொரு வருடமாக இதுதான் வேலை. எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், எங்கே இரண்டு குடம் கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

ஒரு சித்திரை மாதம் மோட்டார் எரிந்துபோனது. ஊராட்சித் தலைவர் குணசேகரன் டவுனில், திருக்கோகர்ணத்தில் குடியிருந்தார். ஊருக்கு எப்போதாவதுதான் வருவார். இருளாயி போன் செய்தால், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிடுவார். பெண்கள் குடத்தோடு இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த வயல் கிணற்றுக்கு நடந்தார்கள். ஒன்பதாம் நாள் இருளாயி பஸ் ஏறி ஒன்றிய அலுவலகத்துக்கே போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால், தலைவர் எழுதித் தராமல் எதுவும் செய்ய முடியாது என்றார்.

மோட்டார் சரியாக இருபத்தாறு நாள் ஆனது. அத்தனை நாளும் ஊரார் திட்டியது இருளாயியைத்தான். அந்த நாட்களில்தான் தானே தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

அடுத்த தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். குணசேகரன் தன் மனைவி கலைமதியை நிறுத்தினார். இருளாயியும் நிற்பதாகச் சொன்னபோது பலர் சிரித்தார்கள். ஊராட்சிச் சம்பளம் வாங்குபவர் தேர்தலில் நிற்கக்கூடாது. அதனால் ஆபரேட்டர் வேலையை விட்டுவிடுவதாக அவர் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. தோற்றால் கையில் ஒன்றும் இருக்காது. கணவர் நாகராசுவிடம் அதைச் சொன்னபோது அவர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா நிக்கிறேன்."

"அப்ப நில்லு. ஆடு இருக்கு, பாத்துக்கலாம்."

பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. குணசேகரன் வேன் வைத்து மைக்கில் பேசினார். இருளாயி தன் சைக்கிளிலேயே வீடு வீடாகப் போனார். புதிதாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எந்தத் தெருக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். முன்பு திட்டியவர்களே உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள்.

ஓட்டு எண்ணும் நாளில் முதலில் கலைமதிதான் முன்னால் இருந்தார். கடைசித் தெருவின் சீட்டுகளைப் பிரித்தபோது கணக்கு மாறியது. குணசேகரன் மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் இருளாயி வென்றிருந்தார். வெளியே வந்ததும் அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். கலைமதி அங்கே தேடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"நல்லா செய்யுங்கக்கா. எங்க தெருவுலயும் தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது" என்றார்.

பதவியேற்ற அன்று, வழக்கப்படி தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். கிளர்க் அரவிந்த்குமார் நாகராசுவை அதில் உட்காரச் சொன்னார். முன்பிருந்த பெண் தலைவர்களின் கணவர்கள் எல்லாம் அப்படித்தான் உட்கார்ந்தார்களாம்.

"பிரசிடெண்ட் அவதான். நான் ஆட்டுக்கு எலை ஒடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நாகராசு துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். வார்டு உறுப்பினர்கள் சிரித்தார்கள். இருளாயிக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாற்காலியில், பட்டா விஷயமாக வந்து நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவரை உட்காரச் சொன்னார்.

முதல் கூட்டத்திலேயே மாற்று மோட்டார் ஒன்று வாங்கி வைக்கத் தீர்மானம் போட்டார்கள். கலைமதியின் தெருவுக்கும் கடைசித் தெருவுக்கும் பெரிய குழாய் பதித்தார்கள். அந்த வருடம் சித்திரையில் யாரும் வயல் கிணற்றுக்கு நடக்கவில்லை.

ஆனியில் பள்ளி திறந்ததும் பிளஸ் ஒன் படிக்கும் சரண்யாவும் அவள் தோழிகளும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள். காலை பஸ் கால் மணி நேரம் முன்னால் வந்தால் முதல் வகுப்பைத் தவறவிட மாட்டோம் என்றார்கள்.

"எழுதிக் குடுங்க. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. நாம சேந்தே போவோம்" என்றார் பிரசிடெண்ட்.

சரண்யா எழுதத் தொடங்கினாள். இருளாயி பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் நம்பரைச் சொன்னார்.