கம்பியை அறுத்தவர்

கூடத்தின் நடுவே பெட்டி இருந்தது. படியேறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தும், மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கிய மறுநாள், தொண்ணூற்று நான்காம் வயதில் உயிரை விட்ட முரண்டு அதற்குள் கிடந்தார். தெருவில் அவரை வேறு பெயரால் அழைத்தவர் கிடையாது. தபால்காரர்கூட 'முரண்டு ஐயா வீடு' என்றுதான் கேட்டு வருவார்.

பெட்டியின் தலைமாட்டில் அவருடைய மூத்த மகள் நின்றாள். பெரிய மருத்துவமனையின் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் முறைத்தால் அறுவை மருத்துவர்களே கையை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வருவார்கள் என்று பேச்சு உண்டு.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் மடித்த கொடியோடு உள்ளே வந்தார். பெட்டியின்மேல் அதைப் பக்குவமாக விரித்தார். வாசலில் கூட்டத்தின் முன்னால் வாசிக்கப்போகும் புகழுரையை முதலில் குடும்பத்தாருக்குச் சொல்லிக்காட்டுவது சங்கத்தின் வழக்கம்.

"எங்க சங்கத்துல யாரு இறந்தாலும் இதே வாசகம்தாங்க. பேரை மட்டும் மாத்திக்குவோம்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மனப்பாடமாக ஒப்பித்தார். நாட்டின் அழைப்பை ஏற்றவர். இடர் கண்டு அஞ்சாதவர். வாழ்நாளில் ஒருமுறையும் கட்டளையை மீறாதவர்.

மூலையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா தலையை நிமிர்த்தினார். "யாரைச் சொல்றாரு? வீடு மாறி வந்துட்டாரா?"

அந்த நேரத்திலும் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மகள் சிரிக்கவில்லை.

"கடைசி வரியை எடுத்துடுங்க சார்."

"எடுக்க முடியாதும்மா. அது விதி. முழுசா வாசிச்சாத்தான் மரியாதை."

"அப்போ கொடியையும் எடுத்துக்குங்க."

அவளுடைய தம்பி அவசரமாக நடுவில் வந்தார். அலுவலகத்தில் மேலதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும் மனிதர் அவர். "அக்கா, சாவு வீட்டுல சண்டை வேணாம். ஒரே ஒரு வரிதானே? காதுல விழாத மாதிரி இருந்துட்டுப் போயேன்."

"அந்த ஒரு வரியைத் தாண்டி அப்பாகிட்ட வேற என்னடா இருந்துச்சு?"

உண்மைதான். போரின்போது அவர் வெடிமருந்துப் பிரிவில் இருந்தார். எதிரி நெருங்குகிறான், பாலத்தைத் தகர்த்துவிடு என்று கட்டளை வந்தது. பாலத்தின்மேலோ, வீடு வாசலை விட்டு ஓடிவந்த ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடந்து முடியட்டும் என்று கேட்டார், முடியாது என்றார்கள். கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து, வெடியோடு இணைத்திருந்த கம்பியை அறுத்து, துண்டுகளை ஆற்றில் எறிந்தார். சிறை வைத்தார்கள், பதவியைப் பறித்தார்கள். சங்கத்தின் வாசற்படியில் அவரை ஏறவிடாத காலமும் இருந்தது. அவரோடு போருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக மறைந்தபிறகு, அவரைக் கேட்காமலேயே அவரை உறுப்பினராக்கிக்கொண்டார்கள்.

சிறையிலிருந்து வந்தவர் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போனார். போன இடத்திலும் அதே கதை. ஒரு பெரிய கட்டடத்தின் திறப்பு விழாவன்று, லிஃப்டின் இரும்பு வடத்தில் இழை பிரிந்திருக்கிறது, யாரையும் ஏற்ற மாட்டேன் என்று கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பட்டும் நகையுமாக வந்தவர்கள் ஆறு மாடி மூச்சிரைக்க ஏறினார்கள்; வேலை அன்று மாலையே போயிற்று. வயதான பிறகு யாராவது லிஃப்டில் வரச் சொன்னால், "எவன் பாத்த லிஃப்டோ!" என்று படியைப் பிடிப்பார்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாம இல்லம்மா. அந்தப் பாலம் நின்னதாலதான் சாயங்காலம் எதிரி இந்தக் கரைக்கு வந்தான். அவரோட ஒண்ணா சாப்பிட்டு ஒண்ணா தூங்கினவங்க பதினோரு பேர் செத்தாங்க. அதைப் போய் வாசல்ல நின்னு சொல்லச் சொல்றீங்களா? இந்த வரி நாங்க அவருக்குக் கொடுக்கிற மன்னிப்பு."

மகளின் முகம் வெளுத்துப்போய்ப் பிறகு சிவந்தது.

"அவர் கேட்டாரா?"

"என்னது?"

"மன்னிப்பு. எப்பவாவது உங்ககிட்ட வந்து கேட்டாரா?"

செயலாளர் குனிந்து கொடியின் ஓரத்தை நீவிவிட்டார். மகள் தந்தையிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். இன்னொரு தடவை அந்தக் கரையில் நிற்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்றபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தார். "அறுப்பேன். அந்தப் பசங்களை நினைச்சு இப்ப அழற மாதிரியே அப்பவும் அழுவேன். ரெண்டுக்கும் நான்தான் பொறுப்பு. அதுல பாதியை யாரும் வாங்கிக்க வரவேண்டாம்" என்றார்.

அவள் கொடியை இழுத்துப் பறிக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கை விரிப்பை மடிக்கும் அதே ஒழுங்கோடு முனையோடு முனை சேர்த்து மடித்துச் செயலாளரின் கையில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போனாள். தெரு நிறைய ஆட்கள் நின்றார்கள்.

"எங்கப்பா கட்டளையை மீறினவர்" என்றாள். "பாலத்துமேல ஜனங்க இருந்தாங்க, அதனால கம்பியை அறுத்தார். அவங்க பொழைச்சாங்க. அந்தப் பாலத்து வழியா எதிரி வந்து அவரோட தோழர்கள் பதினோரு பேரைக் கொன்னான். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஜெயிலுக்குப் போனார். வேலையை இழந்தார். தப்புன்னு பட்டதை யாரு சொன்னாலும் செய்யல. இதுல எதையும் அவர் மறைச்சதில்ல, நாங்களும் மறைக்க மாட்டோம். கேக்கப் பிடிக்காதவங்க தாராளமா வீட்டுக்குப் போகலாம்."

ஒருவரும் நகரவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "டாக்டர் சொல்லியும் கேக்கலன்னு சொன்னியா?"

"சொல்றேம்மா."

பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்பக்கத்தைத் தம்பி பிடித்தார். வாசலைத் தாண்டியதும் ஊர்வலம் நின்றது. செயலாளர் வந்த சங்கத்து ஜீப், கொடிக்கம்போடு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் ஓரமாப் போயிடுங்க" என்றார் செயலாளர், ஒதுங்கச் சொல்லிக் கையை வீசியபடி.

மகள் வாயெடுப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். வாழ்நாளில் அவர் இவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாங்க ஒதுங்க மாட்டோம். வண்டியை எடுங்க சார்!"