மனுவின் கடைசி வரி

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது பக்கத்து நிலத்துச் சோர்லியா, என் கணவர் மர்டோவா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மாலையை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எதையாவது மாற்றிவிட்டேனோ என்று சந்தேகம். ஆனால் எல்லாரும் சிரித்தது நிஜம்.

ஸ்கை தீவிலிருந்து கப்பலேறி, கனடாக் கரைக்கு எதிரே இருக்கும் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் நாங்கள். காட்டை வெட்டி, வேர்களைப் பிடுங்கி, உருளைக்கிழங்கு போட்டோம். நிலம் லண்டனில் இருந்த ஒரு பிரபுவுக்குச் சொந்தம். குடிகளைக் கொண்டுவந்து அமர்த்துவதாக அரசனுக்கு வாக்குக் கொடுத்து வாங்கிய நிலம் அது. அவர் யாரையும் கொண்டுவரவில்லை. தீவை எட்டிப் பார்த்ததுமில்லை. ஆகவே நிலத்தை அரசு திரும்ப எடுத்து எங்களுக்கே தர வேண்டும் என்று தீவின் சட்டசபைக்கு மனுப்போடத் தீர்மானித்தோம். வசந்தத்தில் காலி செய்யும்படி பிரபுவின் ஏஜெண்டு எங்கள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் அடித்துவிட்டுப் போயிருந்தார். முதல் நோட்டீஸ் எங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு அந்த மனு ஒரு நம்பிக்கை. எங்களுக்கு அதுதான் வீடு.

பீட்டன் வாத்தியார் ஆங்கிலத்தில் எழுதியதை ஜெபவீட்டில் வைத்து எங்கள் கேலிக் மொழியில் வாசித்துக் காட்டினார். கடைசி வரிக்கு வந்தார்.

"‘தங்கள் மனுதாரர்களாகிய நாங்கள் என்றென்றும் ஜெபிப்போம்.’ அவ்வளவுதான்."

"நில்லுங்க வாத்தியாரே. யார நோக்கி ஜெபிக்கிறது?"

"சட்டசபைய நோக்கித்தான். மனுன்னா அப்படித்தான்யா முடிக்கணும்."

"அந்தச் சபையில சாராயக்கடை ஹிக்கி உக்காந்திருக்கான். அவன் முன்னாடி நான் முட்டி போடணுமா?" இதைச் சொன்னது சோர்லிதான்.

"ராத்திரி அவன் கடையிலேர்ந்து முட்டி போட்டுத்தானடா வீட்டுக்கு வர்ற!" என்றது பின்வரிசை.

ஜெபவீடே சிரித்தது. மர்டோ சிரிக்கவில்லை. எங்களுக்குப் போதகர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மர்டோதான் வேதாகமத்துச் சங்கீதத்தை வரி வரியாக எடுத்துக் கொடுப்பார்; நாங்கள் பின்னால் பாடுவோம்.

"ஜெபம் ஒருத்தருக்கு மட்டுந்தான். மனுஷங்ககிட்ட கேக்கலாம். ‘கேட்டுக்கொள்கிறோம்’னு எழுதுங்க" என்றார்.

"ஆங்கிலத்துல அது சும்மா ஒரு சொல்லு, மர்டோ. யாரும் அத ஜெபம்னு நெனைக்கிறதில்ல."

"சும்மா ஒரு சொல்லுன்னா, எடுத்துட்டா என்ன நட்டம்?"

வாத்தியார் வேறு தாள் எடுத்துத் திருத்தி எழுதினார். எல்லாரும் கையெழுத்திட்டோம், எழுதத் தெரியாத பலர் சிலுவைக் குறி போட்டார்கள்.

உறைந்த ஆற்றைத் தனியாகக் கடக்க ஊரில் யாரையும் விடுவதில்லை. அதனால் மனுவைக் கொடுக்க மர்டோ நகரத்துக்குக் கிளம்பியபோது நானும் பனிவண்டியில் போனேன். மர்டோ வழியெல்லாம் ஒரு சங்கீதத்தின் ராகத்தை முனகிக்கொண்டே வந்தார். குதிரை அந்தத் தாளத்துக்கு நடப்பதுபோல இருந்தது. 

எங்கள் பகுதியின் சட்டசபை உறுப்பினர் ஹாஸ்லம் எங்கள் மொழி பேசுவார்; அவர் மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தாழ்வாரத்தில் காத்திருந்தோம். அதே தாளோடு திரும்பி வந்தார்.

"எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

"படிச்சாங்களா?"

"கடைசி வரிய மட்டும் படிச்சாங்க. ஜெபம் இல்லையாம். ஜெபம் இல்லாதது மனுவே இல்லையாம். ஹிக்கிதான் எழுந்து சொன்னான்."

"அந்தச் சொல்ல இப்பச் சேத்துட்டா?"

"கையெழுத்துக்கு அப்புறம் தொட்டா அதுவும் செல்லாது. மனு வாங்கறது இன்னியோட சரி. இனி அடுத்த குளிர்காலந்தான்." ஹாஸ்லம் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். ஒருத்தன் கையெழுத்துப் போட்டாலும் மனு மனுதான். இங்கயே எழுதித் தர்றேன், நீ மட்டும் போடு. ஆனா அந்தச் சொல்லு இருக்கும்."

எழுதித் தந்தார். மர்டோ பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"ஆண்டவருக்குப் புரியும், மர்டோ" என்றேன்.

"அவருக்குப் புரியும், எஃபி. எனக்குப் புரியணுமே."

பிறகு கையெழுத்திட்டார். அவருடைய எழுத்து எப்போதும் மெதுவானது; அன்று இன்னும் மெதுவாக இருந்தது.

கதவு இடுக்கு வழியே கேட்டோம். ஒரு குமாஸ்தா மூச்சு விடாமல் வாசித்தான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லை அதற்குள் கற்றிருந்தேன்; அது வந்துபோனது காதில் விழுந்தது. வேறொரு குரல் ஏதோ சொன்னது. அடுத்து நாய்களுக்கு வரி போடுவதைப் பற்றிப் பேசினார்கள் என்று பின்னால் ஹாஸ்லம் சொன்னார்.

"ஏத்துக்கிட்டாங்க" என்று அவர் வெளியே வந்தார்.

"அப்படின்னா?"

"மேசை மேல வைக்கச் சொல்லிட்டாங்க."

"எப்ப எடுப்பாங்க?"

ஹாஸ்லம் கையுறையை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டார். "மேசை மேல வச்சா, அது மேசை மேல இருக்கும், மர்டோ."

திரும்பும்போது மர்டோ முனகவில்லை. பனியில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுந்து முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். நாங்கள் காத்திருந்தோம். அடுப்பில் விறகு வெடித்தது. ஒரு குழந்தை சிணுங்கி ஓய்ந்தது. அவர் வாயை மூடி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து சோர்லி தப்பான சுருதியில் ஒரு வரியை எடுத்தான். அதைப் பின்பற்றிப் பாடினோம்.

பனி உருகியதும் ஏஜெண்டு காவலர்களோடு வந்து எங்கள் கூரையைப் பிரித்தார். மர்டோ எதிரே கனடாக் கரையில் மரம் வெட்டப் போய், அங்கேயே மரம் விழுந்து இறந்தார். அதுவரை அவர் பாடவில்லை. பீட்டன் வாத்தியார் மேற்கே போனார், கடிதம் வரவில்லை. சோர்லி குத்தகைக்காரனாகவே செத்தான். ஹாஸ்லம் அடுத்த தேர்தலில் தோற்றார், ஹிக்கி ஜெயித்தான். நான் நகரத்தில் துணி வெளுக்கிறேன். நிலம் இன்னும் பிரபுவின் குடும்பத்திடம் இருக்கிறது.